முட்டை தூங்கல, தூங்க வெச்சிருக்காங்க

கருமுட்டை, ஓவரி பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். வந்த லெட்டர்ல பாதிக்கு மேல பயம்தான் தெரிஞ்சுது, தீர்ந்துடுமோ, கெட்டுடுமோ, லேட் ஆயிடுச்சோன்னு. அதனால இந்த தடவ வேற எந்த டாபிக்கும் எடுக்கல, முழுக்க இதுதான்.

கேள்வி: மேடம், ஒரு பொண்ணு பொறக்கும்போதே எல்லா கருமுட்டையும் ஓவரில இருக்கும்னு படிச்சிருக்கோம். அப்போ 30 வயசுல வெளிய வர்ற முட்டை அந்த 30 வருஷமும் உள்ள என்ன பண்ணிட்டு இருந்துச்சு? சும்மா தூங்கிட்டா இருந்துச்சு?

பதில்: வந்ததுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இதுதான், மத்த கேள்விக்கெல்லாம் பாதி பதில் இதுக்குள்ளயே இருக்கு. மொதல்ல எண்ணிக்கைய சொல்லிடறேன். அம்மா வயித்துல 20 வாரம் ஆகறப்போ பொண்ணு குழந்தையோட ரெண்டு ஓவரிலயும் சேத்து 60, 70 லட்சம் முட்டை செல் இருக்கும், பொறக்கறதுக்குள்ளயே அதுல பெரும்பகுதி அழிஞ்சு 10லேர்ந்து 20 லட்சம்தான் மிஞ்சும், வயசுக்கு வர்றப்போ 3, 4 லட்சம். வாழ்நாள் முழுக்க வெளிய வர்றது 400, 500தான். பீரியட்ஸ் நிக்கற சமயத்துல ஒரு ஆயிரம் பக்கம் மிச்சம் இருக்கும்.

இதுல ஒரு முட்டையும் தனியா கெடக்கறதில்ல. சுத்தி ஒரே வரிசையா தட்டையான செல்லுங்க ஒட்டிக்கிட்டு நிக்கும், பின்னாடி இதுங்கதான் வளந்து கிரானுலோசா செல்லுன்னு பேர் வாங்கும். முட்டையும் இந்த செல்லுங்களும் சேந்த மொத்த உருண்டைக்குத்தான் ஃபாலிக்கிள்னு பேரு, தூங்கற ஸ்டேஜ்ல அதோட அகலம் ஒரு மில்லிமீட்டர்ல 25ல ஒரு பங்குதான். உள்ள இருக்கற முட்டை, அம்மா வயித்துலயே மியோசிஸ்ங்கற செல் பிரிவ ஆரம்பிச்சு, குரோமோசோம் எல்லாம் ஜோடி சேந்து துண்டு மாத்திக்கிட்டு, அதுக்கப்புறம் அப்படியே நடுவுல நின்னுடுச்சு. 30 வருஷமா அந்த நடுவுலயேதான் நிக்குது.

ஆனா நிக்கறதுன்னா சும்மா நிக்கறதுன்னு நெனச்சுடாதீங்க. இறக்கத்துல வண்டிய நிறுத்தி வெச்சிருக்கோம்னா பிரேக்ல கால் இருந்துட்டே இருக்கணும் இல்லையா, அந்த மாதிரி. முட்டையோட நியூக்ளியஸ்ல ஃபாக்ஸோ 3ன்னு ஒரு புரோட்டீன் உக்காந்திருக்கு, அது உள்ள இருக்கற வரைக்கும் முட்டை எழுந்திருக்காது. எழுப்பற சிக்னல் பிஐ3 கைனேஸ்னு ஒரு என்ஸைம் வழியா வருது, அது ஏகேடிங்கற இன்னொரு என்ஸைம முடுக்கி விடும், ஏகேடி போய் ஃபாக்ஸோ 3 மேல பாஸ்பேட்ட ஒட்டி நியூக்ளியஸ விட்டு வெளிய தள்ளிடும், அவ்ளோதான், முட்டை வளர ஆரம்பிச்சுடும். இத தடுக்கறதுக்கு பி-டென்னு ஒரு என்ஸைம் இருக்கு, பிஐ3 கைனேஸ் செஞ்ச வேலைய அது பின்னாடியே வந்து அழிச்சுட்டே இருக்கும்.

இதெல்லாம் எப்படி தெரியும்னா, 2003ல ஃபாக்ஸோ 3 ஜீன் இல்லாத எலிய பாத்தாங்க, அதோட ஓவரில தூங்கிட்டிருந்த ஃபாலிக்கிள் எல்லாம் பொறந்த கொஞ்ச நாள்லயே ஒட்டுமொத்தமா எழுந்துடுச்சு, இளவயசுலயே முட்டை தீர்ந்து மலடாயிடுச்சு. 2008ல எலியோட முட்டைல மட்டும் பி-டென் ஜீன எடுத்துப் பாத்தாங்க, அதே கதைதான். இந்த ரிசல்ட்ட மொதல் தடவ படிச்சப்போ எனக்கு என்னமோ பண்ணுச்சு, ஏன்னா அதுவரைக்கும் முட்டைய யாராவது வந்து எழுப்பினாதான் எழுந்திருக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன், உண்மைல அது எழுந்திருக்கத் துடிச்சிட்டு இருக்கு, ஒவ்வொரு நாளும் அத அமுக்கித் தூங்க வெச்சிருக்காங்க. எழுப்பற சிக்னல் பெரும்பாலும் சுத்தி நிக்கற தட்டை செல்லுலேர்ந்துதான் கெளம்புது, அதுங்க கிட் லிகண்ட்னு ஒரு புரோட்டீன காட்டும், முட்டை மேல அத வாங்கிக்கற ரிசப்டர் இருக்கு.

இன்னொன்னும் சொல்லணும். 2022ல வந்த ஒரு ஆராய்ச்சில, மனுஷ முட்டைலயும் தவளை முட்டைலயும் இந்த ஆரம்ப ஸ்டேஜ்ல செல்லுக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவோட முதல் காம்ப்ளக்ஸே, அதாவது அதுல மொத வேலைய செய்யற புரோட்டீன் கூட்டமே, கிட்டத்தட்ட இல்லன்னு கண்டுபிடிச்சாங்க. செல்லுக்குள்ள டிஎன்ஏவ கெடுக்கற ஆக்ஸிஜன் கழிவு அதிகமா வர்ற இடமே அதுதான், அதையே கழட்டி வெச்சுட்டு வேற வழில காலத்த ஓட்டுது முட்டை. பத்து பதினஞ்சு வருஷம் இல்ல, சில முட்டை 50 வருஷம் வரைக்கும் கெடாம காத்திருக்கறதுக்கு இப்படி ஒரு ஏற்பாடு.

கேள்வி: கருத்தடை மாத்திரை போட்டா ஓவுலேஷன், அதான் முட்டை வெளிய வர்றது, நடக்காதுங்கறாங்க, அப்போ அத்தனை மாசத்து முட்டையும் மிச்சமாகுமா? அதே மாதிரி ஐவிஎஃப் ஊசில ஒரே தடவ 10, 12 முட்டை எடுத்துட்டா சீக்கிரம் தீர்ந்துடாதா?

பதில்: ரெண்டுக்கும் இல்லைங்க. மிச்சமும் ஆகாது, சீக்கிரம் தீரவும் தீராது. மாசம் ஒரு முட்டைதான் செலவாகுதுன்னு நாம நெனைக்கறதுனால வர்ற குழப்பம் இது, உண்மைல இளவயசுல மாசத்துக்கு நூத்துக்கணக்குல ஃபாலிக்கிள் தூக்கத்த விட்டு எழுந்திருக்குது. அப்படி எழுந்திருக்கறதுக்கு மூளைலேர்ந்து வர்ற எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் தேவையே இல்ல, மேல சொன்ன பி-டென், ஃபாக்ஸோ கணக்கு அது, ஓவரிக்குள்ளயே நடக்கறது. மாத்திரை நிறுத்தறது எஃப்எஸ்ஹெச், அது மாதிரியே மூளைலேர்ந்து வர்ற எல்ஹெச், ரெண்டு ஹார்மோனையும்தான், அதனால கடைசி கட்ட வளர்ச்சியும் ஓவுலேஷனும் மட்டும் நிக்கும். எழுந்தது எழுந்ததுதான், திரும்ப தூங்கப் போக முடியாது, எஃப்எஸ்ஹெச் கெடைக்கலன்னா வழில செத்துடும். கர்ப்பமா இருக்கறப்பவும் இதே கணக்குதான் ஓடும், சின்ன குழந்தையா இருக்கறப்பவும் இதேதான்.

ஐவிஎஃப் ஊசி என்ன பண்ணுதுன்னா, அந்த மாசம் கடைசி கட்டம் வரைக்கும் வந்து சாகப் போற ஃபாலிக்கிளுங்களுக்கு எஃப்எஸ்ஹெச்ச தொடர்ந்து குடுத்து சாகாம காப்பாத்துது. அடுத்த வருஷத்து முட்டைய இப்பவே பிடிச்சு இழுக்கறதில்ல, அது இழுக்கவும் முடியாது.

கேள்வி: ஃபாலிக்குலர் ஸ்டடி பண்ணினப்போ மொத ஸ்கேன்ல அஞ்சாறு ஃபாலிக்கிள் இருந்துச்சு, அப்புறம் ஒன்னுதான் பெருசாச்சு. மத்தது எங்க போச்சு? எனக்கு ஏதாச்சும் குறையா?

பதில்: குறை இல்லவே இல்லைங்க, அப்படித்தான் நடக்கணும். நீங்க ஸ்கேன்ல பாத்த ஃபாலிக்கிள் அந்த மாசம் பொறந்தது கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல பல மாசமா வளந்து வருது, கடைசி கட்டம் மட்டுமே சுமார் 85 நாள் ஆகும், அதாவது மூணு சைக்கிள் முன்னாடி கெளம்பினது.

இந்த பயணத்துல முட்டையும் சுத்தி இருக்கற செல்லும் எப்படி பேசிக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், எனக்கு இதுல ரொம்ப ஆசை. முட்டை ஜிடிஎஃப் 9னு ஒரு புரோட்டீன வெளிய விடும், அது இல்லாத எலில ஃபாலிக்கிள் ஒரு வரிசை செல்லோட நின்னுடுது, மேல வளரவே இல்ல, 1996ல கண்டுபிடிச்சாங்க. அதோட தம்பி மாதிரி பிஎம்பி 15. அதுல நியூசிலாந்து ஆடுங்கள்ல ஒரு ஜீன் மாற்றம் இருக்கு, ஒரு பிரதி மாறியிருந்தா ஆடு வழக்கத்த விட அதிக முட்டை விடும், ரெட்டைக் குட்டி போடும், ரெண்டு பிரதியும் மாறியிருந்தா மலடு. ஒரே புரோட்டீன், கொஞ்சம் குறைஞ்சா ஒரு பக்கம், மொத்தமா இல்லன்னா நேர் எதிர் பக்கம், பாருங்க. 2002ல ஒரு எலி பரிசோதனைல, கொஞ்சம் வளந்த ஃபாலிக்கிள்லேர்ந்து முட்டைய எடுத்து, இன்னும் ஆரம்ப ஸ்டேஜ்ல இருக்கற செல்லுங்களோட சேத்து வெச்சாங்க, அந்த ஃபாலிக்கிள் வழக்கத்த விட ரெண்டு மடங்கு வேகமா வளந்துடுச்சு. அப்போ வேகத்த நிர்ணயிக்கறது யாருன்னு பாத்தா முட்டைதான். பதிலுக்கு சுத்தி இருக்கற செல்லுங்க சின்னச்சின்ன குழாய் மாதிரி இணைப்பு வழியா முட்டைக்கு சாப்பாடு குடுக்கும், குளுக்கோஸ முட்டையால நேரா சரியா பயன்படுத்திக்க முடியாது, இதுங்க அத பைருவேட்டா மாத்திக் குடுக்கும்.

சரி, ஒன்னு மட்டும் ஏன் ஜெயிக்குதுன்னு கேட்டீங்க. ஃபாலிக்கிளோட வெளி உறைல தீக்கா செல்லுன்னு இருக்கு, அது எல்ஹெச் சிக்னல வாங்கி கொலஸ்டிரால்லேர்ந்து ஆண் ஹார்மோன் வகைய தயாரிக்கும். ஆமா, பொண்ணுங்க உடம்புல ஈஸ்ட்ரோஜன் வர்றதே ஆண் ஹார்மோன் வழியாத்தான். அத உள்ள இருக்கற கிரானுலோசா செல் வாங்கி, எஃப்எஸ்ஹெச் சொல்றபடி அரோமடேஸ்ங்கற என்ஸைம வெச்சு ஈஸ்ட்ராடியோலா மாத்தும். ஒருத்தர்கிட்ட இருக்கற என்ஸைம் இன்னொருத்தர்கிட்ட இல்ல, ரெண்டு பேரும் சேந்தாதான் வேலை நடக்கும். இப்போ எந்த ஃபாலிக்கிள் 10 மில்லிமீட்டர் சுமாருக்கு மொதல்ல வந்து ஈஸ்ட்ராடியோலும் இன்ஹிபின்னு இன்னொரு ஹார்மோனும் நிறைய விடுதோ, அதப் பாத்து மூளை எஃப்எஸ்ஹெச்ச குறைச்சுடும். குறைஞ்ச எஃப்எஸ்ஹெச்ல மத்ததால தாக்குப்பிடிக்க முடியாது, கிரானுலோசா செல்லுங்க ஒன்னொன்னா தானா அழிஞ்சு ஃபாலிக்கிள் சுருங்கிடும். ஜெயிச்சது மட்டும் அதுக்குள்ள கிரானுலோசாலயும் எல்ஹெச் ரிசப்டர் வரவெச்சுக்கும், எஃப்எஸ்ஹெச் கம்மியானாலும் எல்ஹெச்ச வெச்சு ஓட்டிடும்.

கேள்வி: எனக்கு ரெண்டு ஓவரிலயும் நீர்க்கட்டி இருக்குன்னு சொல்றாங்க, கட்டின்னா ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமா, கேன்சர் ஆயிடுமா? ராத்திரி தூக்கமே வரல.

பதில்: இந்த "நீர்க்கட்டி"ங்கற வார்த்தை எத்தனை பேர அழ வெச்சிருக்குன்னு யோசிச்சா எனக்கு ஆத்தாமையா இருக்கு. ரெண்டு ஓவரிலயும் நீர்க்கட்டின்னு பொதுவா சொல்றது பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் பிரச்னையத்தான், அதுல ஸ்கேன்ல ஓரமா வரிசையா தெரியறது கட்டி கிடையாது, வளந்துட்டு வந்து பாதி வழில நின்னு போன சின்னச்சின்ன ஃபாலிக்கிளுங்க, 2லேர்ந்து 9 மில்லிமீட்டர் சைஸ்ல. ஒவ்வொன்னுக்குள்ளயும் முட்டை இருக்கு. அதுங்க கேன்சரா மாறாது, வெட்டி எடுக்க வேண்டியதும் இல்ல.

ஏன் நிக்குதுன்னா, எல்ஹெச் அதிகமா இருக்கறதும் இன்சுலின் அதிகமா இருக்கறதும் சேந்து தீக்கா செல்ல முடுக்கி விட்டு ஆண் ஹார்மோன கூட்டிடுது, இந்த சின்ன ஃபாலிக்கிள் எல்லாம் ஏஎம்ஹெச்னு ஒரு ஹார்மோன் விடுது, அது நிறைய சேந்தா ஃபாலிக்கிளுக்கு எஃப்எஸ்ஹெச் உறைக்கவே உறைக்காது. அதனால ஒன்னும் ஜெயிக்கறதில்ல, எல்லாம் நடுவழில நிக்குது. சிலருக்கு எடை கொஞ்சம் குறைஞ்சாலே, இல்ல இன்சுலின் கட்டுக்குள்ள வந்தாலே ஓவுலேஷன் திரும்புறது இதனாலதான். ஆனா ஒன்னு, பீரியட்ஸ் மாசக்கணக்குல வராம இருந்தா அத அப்படியே விடாதீங்க, கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுட்டே போகும், அதுக்கு டாக்டர் கண்டிப்பா வேணும். சர்க்கரையும் ஒரு தடவ பாத்துக்கங்க.

கேள்வி: வயசு 31. கல்யாணம் ஆகி எட்டு மாசம், சும்மா செக் பண்ணலாம்னு ஏஎம்ஹெச் டெஸ்ட் எடுத்தேன், 0.6னு வந்துடுச்சு. வீட்ல எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க. இனிமே எனக்கு குழந்தையே பொறக்காதா?

பதில்: அம்மா, மொதல்ல அந்த ரிப்போர்ட்ட கீழ வெச்சுட்டு இத படிங்க. ஏஎம்ஹெச் யார் விடற ஹார்மோன்? தூங்கற ஃபாலிக்கிள் அத விடறதில்ல. எழுந்து வளந்துட்டு இருக்கற சின்ன ஃபாலிக்கிளோட கிரானுலோசா செல்தான் விடுது, 8 மில்லிமீட்டர் சுமாருக்கு வந்ததும் அதுவும் குறைஞ்சுடும். அதாவது முழிச்சிருக்கறவங்கள எண்ணி, தூங்கறவங்க எத்தனை பேர்னு குத்துமதிப்பா சொல்ற டெஸ்ட் இது. ஐவிஎஃப் ஊசிக்கு எத்தனை முட்டை கெடைக்கும்னு கணிக்க உதவும், அதுக்கு நல்ல டெஸ்ட்தான். முட்டையோட தரம் இதுல தெரியாது. மாசம் உங்களுக்கு வேண்டியது ஒரு முட்டை.

2017ல ஜாமாங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, குழந்தைக்காக அப்பத்தான் முயற்சி ஆரம்பிச்ச, முன்னாடி மலட்டுத்தன்மை பிரச்னை இல்லாத, 30லேர்ந்து 44 வயசு வரைக்கும் இருக்கற 750 பெண்கள பாத்தாங்க. ஏஎம்ஹெச் 0.7க்கு கீழ இருந்தவங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஆறு சைக்கிள்லயும் சரி, பன்னெண்டு சைக்கிள்லயும் சரி, கர்ப்பம் ஆகற வாய்ப்புல பெரிய வித்தியாசம் இல்ல. இத வீட்ல படிச்சுக் காட்டுங்க. உங்க வயசுக்கு ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் ஆகலன்னாதான் டெஸ்ட்டுக்குப் போறது வழக்கம், ஆனா உங்க ஏஎம்ஹெச் வயசுக்கு கம்மிதான், அதனால நாள் தள்ளாம இப்பவே ஒரு டாக்டர பாத்துப் பேசி வெச்சுக்கறது நல்லது. போறப்போ உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, விந்தணு டெஸ்ட் அவருக்கும் எடுக்கணும். இத நான் கெஞ்சிக் கேக்கறேன், பாதி லெட்டர்ல பொண்ணு மட்டும் ஆறேழு டெஸ்ட் எடுத்திருக்காங்க, அவர் ஒன்னு கூட எடுத்திருக்க மாட்டார்.

கேள்வி: எண்ணிக்கை விடுங்க, வயசானா முட்டையோட தரம் ஏன் குறையுது?

பதில்: குரோமோசோம ஜோடியா பிடிச்சு வெச்சிருக்கறது கொஹீசின்னு ஒரு வளையம் மாதிரி புரோட்டீன். அத மாட்டினது எப்போன்னா, நீங்க உங்க அம்மா வயித்துல இருந்தப்போ. எலில பண்ணின பரிசோதனைப்படி அதுக்கப்புறம் புது வளையம் மாட்டறதே இல்ல, முக்கியமா ரெக் 8ங்கற பாகம் அப்பப் போட்டதுதான் கடைசி வரைக்கும். வருஷம் போகப் போக வளையம் ஒன்னொன்னா கழண்டு விழுது, 38, 40 வயசுல அந்த முட்டை எழுந்து பிரியறப்போ குரோமோசோம் சரியான பக்கம் போகாம தப்பிப் போகுது. டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பும் ஆரம்ப வாரக் கருச்சிதைவும் வயசோட கூடறதுக்கு இது பெரிய காரணம். டிஎன்ஏ ரிப்பேருக்கெல்லாம் முட்டைகிட்ட நல்ல ஏற்பாடு இருக்கு, இந்த வளையத்துக்கு மட்டும் ஸ்பேர் இல்ல. முட்டை தரத்த கூட்டும்னு விக்கற மாத்திரை, பவுடர் எதுவும் கழண்ட வளையத்த திரும்ப மாட்டறதில்ல, காசு போட்டு ஏமாறாதீங்க.

கேள்வி: ஓவரில ஸ்டெம் செல் இருக்கு, புதுசா முட்டை உருவாகும்னு ஒரு வீடியோல சொன்னாங்களே?

பதில்: 2004ல எலில அப்படி ஒரு பேப்பர் வந்து பெரிய சண்டையே நடந்துச்சு. 2020ல மனுஷ ஓவரியோட வெளிப்பகுதி செல்லுங்கள ஒன்னொன்னா பிரிச்சுப் பாத்தப்போ அந்த மாதிரி ஸ்டெம் செல் கெடைக்கல, ஸ்டெம் செல்லுன்னு நெனச்சது ரத்தக்குழாய ஒட்டி இருக்கற செல்லுங்கதான்னு காட்டினாங்க. இத நம்பி யாரும் எந்த ட்ரீட்மென்ட்டுக்கும் காசு கட்டாதீங்க.

கேள்வி: ஓவுலேஷன் அன்னைக்கு அந்த முட்டைய கடைசியா எழுப்பறது எது? வலி மாத்திரை போட்டா ஓவுலேஷன் நடக்காதுன்னு சொல்றாங்களே, நெஜமா?

பதில்: வலி மாத்திரைய மொதல்ல முடிச்சுடறேன். ஃபாலிக்கிள் சுவர் உடையறதுக்கு உடம்பே தயாரிக்கற புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் வேணும், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைங்க அதையேதான் தடுக்குது. அதனால ஓவுலேஷன் சமயத்துல தொடர்ந்து போட்டா உடையாம போகவோ லேட்டாகவோ வாய்ப்பு இருக்கு. குழந்தைக்கு முயற்சி பண்றவங்க அந்த நாள்ல தவிர்க்கலாம், மூட்டு வலிக்கு தினமும் போடறவங்க தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளுங்க.

இப்போ எழுப்பற கதை. 1935ல முயல் ஓவரிலேர்ந்து முட்டைய ஃபாலிக்கிள விட்டு வெளிய எடுத்து சும்மா ஒரு கண்ணாடி பாத்திரத்துல வெச்சாங்க, எந்த ஹார்மோனும் குடுக்கல, ஆனா முட்டை தானா மியோசிஸ்ஸ விட்ட இடத்துலேர்ந்து தொடர ஆரம்பிச்சுடுச்சு. அப்போ ஃபாலிக்கிள்தான் அத பிடிச்சு வெச்சிருக்குன்னு புரிஞ்சுது, எத வெச்சுன்னு புரிய முக்கால் நூற்றாண்டு ஆச்சு. முட்டைக்குள்ள சைக்ளிக் ஏஎம்பின்னு ஒரு சிக்னல் பொருள் அதிகமா இருந்தா முட்டை பிரியாது. முட்டையே அத தயாரிக்கும், ஆனா அத உடைக்கற என்ஸைமும் முட்டைக்குள்ளயே இருக்கு. அந்த என்ஸைம கட்டிப் போடறதுக்கு சுத்தி இருக்கற செல்லுங்க சைக்ளிக் ஜிஎம்பின்னு ஒரு பொருள தயாரிச்சு, சாப்பாடு போற அதே குழாய் வழியா நிமிஷத்துக்கு நிமிஷம் உள்ள அனுப்பிட்டே இருக்குங்க. அத தயாரிக்கச் சொல்ற சிக்னல் ஃபாலிக்கிள் சுவர்ல இருக்கற கிரானுலோசாலேர்ந்து வருதுன்னு 2010லதான் தெரிஞ்சுது.

எல்ஹெச் ஒரேடியா எகிறும்போது நடக்கறது இந்த சப்ளை நிக்கறதுதான். எல்ஹெச் முட்டைய தொடறது கூட இல்ல, முட்டைல அதுக்கு ரிசப்டர் வேலை செய்யறதில்ல. சுவர்ல இருக்கற செல்லுங்க ஆம்ஃபிரெகுலின் மாதிரி புரோட்டீன விடுது, அது செல்லுலேர்ந்து செல்லுக்குப் பரவி, குழாய் எல்லாம் மூடுது, சைக்ளிக் ஜிஎம்பி விழுது, கட்டிப் போட்ட என்ஸைம் விடுபட்டு சைக்ளிக் ஏஎம்பிய உடைக்குது, முட்டை அத்தனை வருஷம் கழிச்சு மொதல் பிரிவ முடிக்குது. எல்ஹெச் ஏற ஆரம்பிச்சு 36லேர்ந்து 40 மணி நேரத்துக்குள்ள ஃபாலிக்கிள் உடைஞ்சு முட்டை வெளிய வந்துடும்.

வெளிய வந்தும் அது முழுசா முடிச்சுடல. ரெண்டாவது பிரிவோட நடுவுல மறுபடி நிக்குது, இந்த தடவ பிரேக் முட்டைக்குள்ளயே இருக்கு. விந்தணு உள்ள வந்து கால்சியம் அலைய கெளப்பினாதான் அது அவிழும், வரலன்னா ஒரு நாள் பொழுதுக்குள்ள அப்படியே நின்ன இடத்துலயே கரைஞ்சு போயிடும்.